ஃபெயிலானா மெயில் வரும், ஓடவே இல்லன்னா?

ஆட்டோமேஷன் பத்தி யார் எழுதுனாலும் வேகத்த பத்திதான் எழுதுறாங்க. அஞ்சு நிமிஷத்துல இருபது சர்வர் எழுப்பலாம், ஒரு கமாண்டுல எல்லாத்தையும் இடிச்சிட்டு திரும்ப கட்டலாம்னு. நல்லாதான் இருக்கு, ஆனா என்கிட்ட வர்ற கஸ்டமர் யாருக்கும் இருபது சர்வர் வேணாம் லா. மலேசியாவுல சுங்கை சிப்புட்ல உக்காந்துக்கிட்டு நான் பாத்துக்கிறது ஒரு லோரி கம்பெனி, ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம் கடை, தைப்பூசத்துக்கு பால்குட ரசீது ஆன்லைன்ல குடுக்குற கோயில், இந்த மாதிரி ஆளுங்க. இவங்களுக்கு ஒன்னு இல்ல ரெண்டு மெஷின், கிளவுட் கம்பெனியோட சிங்கப்பூர் ரீஜன்ல (அவங்க சர்வர் கூட்டமா வெச்சிருக்க இடம்) எங்கயோ ஓடிக்கிட்டு இருக்கும். இவங்களுக்கு வேகம் எதுக்கு? ராத்திரி நடக்க வேண்டிய வேலை ராத்திரி நடக்கணும், நடக்கலன்னா காலையில கடை திறக்குறதுக்குள்ள யாருக்காவது தெரியணும். ரெண்டாவது சொன்னேன் பாருங்க, அதத்தான் யாரும் கட்டுறதே இல்ல.

ஸ்கிரிப்ட் ஓடி தப்பா போச்சுன்னா பரவால்ல, எங்கயாவது ஒரு எரர் விழும், தேடி பிடிச்சிரலாம். ஸ்கிரிப்ட் ஓடவே இல்லன்னா எரர் எங்க விழும்? ஒன்னுமே வராது. எல்லாம் நல்லா இருக்கும்போதும் ஒன்னும் வராது, எல்லாம் செத்து போயிருந்தாலும் ஒன்னும் வராது, வெளிய இருந்து பாக்குறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான்.

லோரி கம்பெனி கதைய சொல்றேன். அந்த சர்வர முதல்ல செட்டப் பண்ணது கோலாலம்பூர்ல வேற ஒருத்தர், அவர் வேற வேலைக்கு போயிட்டாரு, பாஸ்வேர்டு எழுதுன ஒரு பேப்பரோட அது என் கைக்கு வந்துச்சு. நான் இன்னும் உள்ள போயி முழுசா பாக்கல, அதுக்குள்ள பாஸ் போன் அடிச்சிட்டாரு.

"தம்பி, கஸ்டமருங்க ட்ராக்கிங் பேஜ் திறந்தா பாதுகாப்பு இல்லன்னு சிவப்பு முக்கோணம் வருதாம் லா, எவனாச்சும் ஹேக் பண்ணிட்டானா?"

"இல்லண்ணே, சர்டிபிகேட் தேதி முடிஞ்சிருச்சு."

"காசு கட்டலயா?"

"அது ஃப்ரீண்ணே."

"ஃப்ரீயா குடுக்குறவன் எதுக்கு தேதி போடுறான்?"

நல்ல கேள்வி. சர்டிபிகேட்னா இந்த சைட் நிஜம்தான்னு ப்ரவுசருக்கு காட்டுற அடையாள அட்டை மாதிரி, ஃப்ரீயா குடுக்குற அமைப்பு லெட்ஸ் என்கிரிப்ட், அவங்க குடுத்த அந்த சர்டிபிகேட்டுக்கு 90 நாள்தான் ஆயுசு, அவங்க வேணும்னேதான் அப்படி வெச்சாங்க, சாவி திருடு போனா சேதம் ரொம்ப நாள் நீடிக்காது, அதோட ஆளுங்கள ஆட்டோமேஷன் பக்கம் தள்ளணும்னும் ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க. உள்ள போயி பாத்தா சர்டிபிகேட் ஃபைல் புதுசா இருக்கு, போன மாசமே செர்ட்பாட் (சர்டிபிகேட்ட தானா புதுப்பிக்கிற ப்ரோகிராம்) ஒழுங்கா புதுப்பிச்சிருச்சு. அப்புறம் ஏன்? பேஜ ப்ரவுசருக்கு அனுப்புற வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், அது அந்த ஃபைல ஸ்டார்ட் ஆகும்போது, இல்ல ரீலோட் பண்ணும்போது மட்டும்தான் படிக்கும். வெப்ரூட் முறையில (சைட் ஃபோல்டர்ல ஒரு ஃபைல் வெச்சு நிரூபிக்கிறது) எடுத்த சர்டிபிகேட்டுக்கு, புதுப்பிச்ச பிறகு ரீலோட் பண்ணுன்னு ஒரு ஹூக் (தானா ஓடுற கமாண்ட்) நாமதான் போடணும், அத போடல. டிஸ்க்குல புது சர்டிபிகேட், மெமரில பழசு. முன்னாடியெல்லாம் எப்படி ஓடுச்சுன்னு லாக்க தோண்டி பாத்தா சிரிப்புதான் வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு செக்யூரிட்டி அப்டேட் வந்து என்ஜின்எக்ஸ் தானா ரீஸ்டார்ட் ஆனதுல பொழச்சிருக்கு, இந்த தடவ அப்டேட் எதுவும் வரல, அவ்ளோதான்.

ரீலோட் பண்ணா முடிஞ்சது, ஒரு செகண்ட் வேலை. ஆனா ஒரு சர்வர்ல இப்படி ஒன்னு இருந்தா இன்னொன்னும் இருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம், அதனால பேக்கப் ஃபோல்டர திறந்தேன். தினமும் ஒரு ஃபைல், தேதி போட்டு, வரிசையா, பாக்க அழகா இருக்கு. எல்லாம் 20 பைட்.

காலியான ஒன்ன ஜிசிப் (ஃபைல சுருக்குற கருவி) பண்ணா வர்ற சைஸ்தான் இந்த 20 பைட். இது மறக்க கூடாத நம்பர். என்ன நடந்திருக்குன்னா, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ புது வெர்ஷனுக்கு மாத்திருக்காங்க, பேக்கப் எடுக்குற பிஜி டம்ப் மட்டும் பழைய வெர்ஷன்லயே நின்னுருச்சு. பழைய டம்ப் தன்னவிட புது மேஜர் வெர்ஷன் சர்வர பாத்தா வெர்ஷன் சேரலன்னு சொல்லிட்டு நின்னுக்கும். ஆனா ஸ்கிரிப்ட்ல டம்ப்போட அவுட்புட்ட பைப் போட்டு ஜிசிப்புக்கு குடுத்திருக்காங்க, பேஷ்ல (ஸ்கிரிப்ட ஓட்டுற ஷெல்) பைப் போட்டா கடைசி கமாண்டோட ரிசல்ட்தான் மொத்தத்தோட ரிசல்ட், ஜிசிப் தன் வேலைய ஒழுங்கா செஞ்சிச்சு, ஒன்னும் இல்லாதத ஒழுங்கா சுருக்கி வெச்சிச்சு, சக்சஸ்! ஸ்கிரிப்ட் தலையில பைப்ஃபெயில்னு ஒரு ஆப்ஷன் போட்டிருந்தா அன்னிக்கே கத்தியிருக்கும்.

சரி, டம்ப் எரர் மெசேஜ் துப்பியிருக்குமே, நேரம் குறிச்ச வேலைய ஓட்டுற கிரான் அத மெயில்ல அனுப்பியிருக்குமேன்னு கேப்பீங்க. கிளவுட்ல குடுக்குற சின்ன உபுண்டு இமேஜ்ல மெயில் சர்வரே இருக்காது. கிரான் என்ன பண்ணும்னா, எம்டிஏ (மெயில் அனுப்புற ப்ரோகிராம்) இல்ல, அவுட்புட்ட தூக்கி போடுறேன்னு சிஸ்லாக்ல (சிஸ்டம் குறிப்பு ஃபைல்) ஒரு வரி எழுதிட்டு நிஜமாவே தூக்கி போட்டுரும். அந்த வரி தினமும் அங்க இருந்துச்சு. யாரு போயி படிக்கிறா.

இன்னொரு கூத்து, பேக்கப்ப விடியக்கால 3 மணின்னு போட்டிருந்தாங்க, சர்வர் நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்), நமக்கு எட்டு மணி நேரம் கூட, ஆக நம்ம ஊர் நேரத்துக்கு காலையில 11 மணிக்கு, ஆபீஸ்ல எல்லாரும் டெலிவரி ஆர்டர் அடிச்சிக்கிட்டு இருக்கும்போது ஓடியிருக்கு. (1981 கடைசி வரைக்கும் நம்ம தீபகற்பத்துல ஏழரை மணி நேர வித்தியாசம்தான், 1982 ஜனவரி 1லேர்ந்துதான் எட்டு, அரை மணி நேரத்த முன்னாடி தள்ளி வெச்சாங்க. அந்த ஏழரைய வெச்சு கிரான் எழுதியிருந்தா தலை வலிச்சிருக்கும், நல்ல வேளை.)

இது ஏதோ சின்ன ஊரு, சின்ன கம்பெனி பிரச்சனைன்னு நெனைக்காதீங்க. 2017 ஜனவரி 31ல கிட்லேப் டாட் காம்ல (ப்ரோகிராம் கோடு சேத்து வெக்கிற பெரிய சைட்) நடந்தது இதேதான். ஒரு இன்ஜினியர் ராத்திரி நேரத்துல, ரெப்ளிகேஷன (ஒரு டேட்டாபேஸ இன்னொரு சர்வருக்கு காப்பி பண்றது) சரி பண்றதுக்காக ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வர்ல அழிக்க வேண்டிய ஃபோல்டர முதல் சர்வர்ல அழிச்சிட்டாரு, சுமார் 300 ஜிபில நிறுத்துறதுக்குள்ள 4.5 ஜிபி மிச்சம். எல்லாரும் அந்த டெலீட் கமாண்ட பத்திதான் பேசுவாங்க, எனக்கு முக்கியமா பட்டது அதுக்கு அப்புறம் நடந்தது. பேக்கப் எடுக்க பல வழி வெச்சிருந்தாங்க, போய் பாத்தா பேக்கப் போய் சேர வேண்டிய எஸ்3 பக்கெட் (அமேசான் ஸ்டோரேஜ்) காலி. ஏன்னா டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுத்தது 9.2 வெர்ஷன் கருவி, தினமும் ஃபெயில். ஃபெயிலான மெயில் போச்சு, ஆனா டிமார்க் (மெயில் நிஜமா அவங்க அனுப்புனதான்னு சரிபாக்குற முறை) சரியா இல்லாததால அந்த மெயிலே ரிஜெக்ட் ஆயிருச்சு. பாருங்க, லோரி கம்பெனியும் கிட்லேப்பும் ஒரே குழியில. அவங்கள காப்பாத்துனது ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி அதே இன்ஜினியர் வேற வேலைக்காக கையால எடுத்த ஒரு ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவோட நகல்). ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். ஆனா ஒன்னு, நடந்தத அப்படியே எழுதி வெளியிட்டாங்க, ரெக்கவரிய யூடியூப்ல லைவ்வா கூட போட்டாங்க, அதனாலதான் நான் இங்க உக்காந்து இத சொல்ல முடியுது.

இதுக்கு மருந்து என்னன்னா, தப்பு நடந்தா சொல்லுன்னு கேக்குறத விட்டுட்டு நல்லது நடந்தா சொல்லுன்னு கேக்கணும். எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க, தோட்டத்துல விடியக்கால பெரட்டுல (வேலைக்கு முன்னாடி ஆள் கூடுறது) கிராணி (தோட்டத்து கிளார்க்) செக்ரோல (ஆள் பேர் பதிவேடு) வெச்சு பேர் கூப்பிடுவாராம், வராதவன் வந்து நான் வரலன்னு சொல்ல மாட்டான், பேர் கூப்பிட்டு சத்தம் வரலன்னா அதுதான் சேதி. சர்வருக்கும் அந்த செக்ரோல் ஒன்னு வேணும், அதுவும் அந்த சர்வருக்கு வெளிய வேணும்.

நான் யூஸ் பண்றது ஹெல்த்செக்ஸ், ஓப்பன் சோர்ஸ், ஜாங்கோல எழுதுனது, அவங்க சைட்லயே அக்கவுண்ட் திறக்கலாம், இல்ல நீங்களே ஹோஸ்ட் பண்ணிக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி யுஆர்எல் குடுக்கும், வேலை முடிஞ்சா அந்த யுஆர்எல்ல ஒரு தட்டு தட்டணும், எத்தன மணி நேரத்துக்கு ஒரு தடவ தட்டு வரணும், எவ்ளோ லேட் ஆனா பொறுக்கலாம்னு ரெண்டு நம்பர் குடுத்துரலாம். நேரத்துக்கு தட்டு வரலன்னா டெலிகிராம்ல மெசேஜ். சர்வரே செத்தாலும், கிரான் செத்தாலும், பில் கட்டாம கிளவுட் கம்பெனி மெஷின தூக்கிட்டாலும், யாரோ தெரியாம கிரான் வரிய அழிச்சிட்டாலும், எல்லாத்துக்கும் அதே ஒரு மெசேஜ் வரும். காரணத்த பிறகு தேடிக்கலாம்.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. தட்டுற வரிய ஸ்கிரிப்ட் கடைசியில சும்மா போட்டா 20 பைட் ஃபைலுக்கும் சந்தோஷமா தட்டும். அதனால என் பேக்கப் ஸ்கிரிப்ட் டம்ப் எடுத்ததும் தட்டாது. அந்த டம்ப்ப ஒரு தற்காலிக டேட்டாபேஸ்ல ரீஸ்டோர் பண்ணி, டெலிவரி டேபிள்ல நேத்து தேதி போட்ட வரி ஒன்னாவது இருக்கான்னு பாத்து, இருந்தா மட்டும்தான் தட்டும். ஞாயித்துக்கிழமை லோரி ஓடாது, அதனால திங்கக்கிழமைக்கு மட்டும் சனிக்கிழமை தேதிய தேடணும், ஹரி ராயாவுக்கும் சீனப் பெருநாளுக்கும் லீவ் லிஸ்ட் ஒன்னு வெச்சிருக்கேன். அசிங்கமான கோடு, ஆனா பாஸோட வியாபாரம் அப்படித்தான் நடக்குது, கோடும் அப்படித்தான் இருக்கும். சர்டிபிகேட்டுக்கும் இதே கணக்கு, டிஸ்க்குல இருக்க ஃபைலோட தேதிய பாக்க கூடாது, வெளிய இன்னொரு மெஷின்ல இருந்து 443 போர்ட்டுக்கு (ப்ரவுசர் உள்ள போற வாசல்) கனெக்ட் பண்ணி, கஸ்டமர் ப்ரவுசருக்கு என்ன கெடைக்குதோ அதோட தேதிய பாக்கணும்.

இது இன்னும் அவசரமாக போற விஷயம் வேற. லெட்ஸ் என்கிரிப்ட் முன்னாடியெல்லாம் சர்டிபிகேட் முடிய போகுதுன்னு நம்மளுக்கு மெயில் அனுப்புவாங்க, 2025 ஜூன் 4ஓட நிறுத்திட்டாங்க. அதோட ப்ரவுசர் கம்பெனிகளும் சர்டிபிகேட் கம்பெனிகளும் சேர்ந்து 2025ல ஓட்டு போட்டு முடிவு பண்ணிட்டாங்க, காசு குடுத்து வாங்குற சர்டிபிகேட்டுக்கு கூட ஆயுசு 398 நாள்லேர்ந்து 2026 மார்ச் 15ல 200, 2027ல 100, 2029 மார்ச் 15லேர்ந்து 47 நாள். வருஷத்துக்கு ஒரு தடவ காலண்டர்ல குறிச்சு வெச்சு கையால மாத்துன காலமெல்லாம் முடிஞ்சிருச்சு. எங்க ஊர்ல இன்னும் அப்படி மாத்துறவங்க இருக்காங்க, அவங்களுக்கு 47 நாள்னு சொன்னா மொறைக்கிறாங்க.

சர்வர் எப்படி இருக்கணும்னு எழுதி வெச்சா அப்படியே செட் பண்ணுற ஆன்சிபிள் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா இங்கயும் அதே சத்தம் இல்லாத வியாதி இருக்கு. ஆன்சிபிள் 2012ல வந்தது, 2015ல ரெட் ஹேட் வாங்கிட்டாங்க, எனக்கு புடிச்சது என்னன்னா சர்வர்ல ஏஜென்ட்னு எதையும் போட வேணாம், எஸ்எஸ்எச்சும் (தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள போற வழி) பைத்தானும் இருந்தா போதும். ஒரு கான்ஃபிக் வரி இருக்கணும்னா அந்த வரி இருக்கணும்னு எழுதுவோம், இருந்தா விட்டுரும், இல்லன்னா சேக்கும், பத்து தடவ ஓட்டுனாலும் பத்து வரி ஆகாது. ஷெல் ஸ்கிரிப்ட்ல எக்கோ போட்டு ஃபைல் கடைசியில ஒட்டுறவங்க இத ஒரு தடவ பாத்தா திரும்ப போக மாட்டாங்க.

ராத்திரில செக் மோட்ல (எதையும் மாத்தாம பாக்க மட்டும்) ப்ளேபுக்க (ஆன்சிபிளுக்கு எழுதி வெச்ச வேலை லிஸ்ட்) ஓட்டி, எந்த மெஷின் நாம எழுதுனதுல இருந்து விலகி போயிருக்குன்னு பாக்கலாம், நான் தினமும் பண்றேன். ஆனா நேரடியா கமாண்ட் ஓட்டுற ஷெல், கமாண்ட் ரெண்டு மாட்யூலும் செக் மோட்ல ஓடாது, ஸ்கிப் ஆயிரும். சில பேர் ப்ளேபுக்க தொறந்தா முழுக்க ஷெல் டாஸ்க்தான், பழைய ஸ்கிரிப்ட்ட யாம்லுக்குள்ள (ப்ளேபுக் எழுதுற ஃபார்மட்) வெட்டி ஒட்டிருப்பாங்க, அத செக் மோட்ல ஓட்டுனா எதுவுமே மாறலன்னு ரிப்போர்ட் வரும், மாறலன்னு இல்ல, பாக்கவே இல்ல. கிளவுட் மெஷின்கள எழுதி வெச்சே உருவாக்குற டெர்ராஃபார்ம்ல இந்த விஷயம் கொஞ்சம் நல்லா இருக்கு, பிளான் (என்ன மாறும்னு பாக்குறது) ஓட்டும்போது டீடெய்ல்ட் எக்ஸிட்கோட்னு கேட்டா மாற்றம் இல்லன்னா 0, எரர்னா 1, மாற்றம் இருந்தா 2ன்னு பிரிச்சு குடுக்கும், 0 வந்தா மட்டும் தட்டு. 2023ல டெர்ராஃபார்ம் கம்பெனி ஹாஷிகார்ப் லைசென்ஸ் மாத்துனதுக்கு அப்புறம் நான் அதோட ஓப்பன் சோர்ஸ் கிளையான ஓப்பன்டோஃபுக்கு வந்துட்டேன், என் அளவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

இந்த வேலை எதுவும் என் லேப்டாப்புல இருந்து ஓடாது. சாய்ங்காலமானா எங்க ஊர்ல இடி, மழை, லைன் போகும், சில நாள் கரெண்டும் போகும், இடிக்கு மோடத்த பறிகொடுக்காத வீடு எங்க தாமான்ல (குடியிருப்பு) கம்மி. அதனால சிங்கப்பூர்லயே ஒரு சின்ன மெஷின் வெச்சு, ஆன்சிபிள் அங்கேர்ந்துதான் ஓடும், நான் எஸ்எஸ்எச்ல உள்ள போனா முதல் வேலை டிமக்ஸ் திறக்குறது. பாதி அப்டேட்ல லைன் போனாலும் அது பாட்டுக்கு ஓடும், நான் ஹேண்ட்ஃபோன் டேட்டால திரும்ப போயி பிடிச்சிக்குவேன்.

இப்ப எல்லாரும் கேக்குறாங்க, ஏன் இன்னும் சிங்கப்பூர், ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட்) தான் மலேசியாவுக்கே வந்துருச்சேன்னு. வந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல, மூணு அவைலபிலிட்டி சோனோட (தனித்தனி டேட்டா சென்டர் கூட்டம்). சிங்கப்பூர் ரீஜன் 2010ல வந்தது, பழகுன இடம், ஆனா நம்ம ஆளுங்க டேட்டா நாட்டுக்குள்ளயே இருக்கட்டும்னு கேட்டா மாத்தி குடுப்பேன், ஓப்பன்டோஃபுல ரீஜன் பேர் ஒரு வேரியபிள்தான் (நிஜத்துல ஒரு வேரியபிள் இல்ல, இமேஜ் ஐடிலேர்ந்து எல்லாம் மாறும், ஆனா கஸ்டமர்கிட்ட அப்படித்தான் சொல்லணும்). ஜொகூர் பக்கம் போனீங்கன்னா பாருங்க, கூலாய்ல யங் எஸ்டேட்னு செம்பனை நின்ன தோட்டம் இன்னிக்கு ஒய்டிஎல் கம்பெனியோட டேட்டா சென்டர் வளாகம். தாத்தா காலத்துல ரப்பர், அப்பா காலத்துல செம்பனை, இப்ப சர்வர். அதுல நம்ம பிள்ளைங்களுக்கு செக்யூரிட்டி கார்டு வேலைக்கு மேல என்ன வேலை கெடைக்க போகுதுன்னு எனக்கு ஒரு கேள்வி இருக்கு, அது வேற பதிவு.

லோரி பாஸுக்கு இப்ப எல்லாம் சரி. டெலிகிராம் மெசேஜ் எனக்கும் வரும், அவருக்கும் வரும், அவரே கேட்டு வாங்கிக்கிட்டாரு. போன வாரம் மாமாக் கடையில தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருக்கும்போது அவர் போன்ல பேக்கப் வரலன்னு மெசேஜ், டேபிள தட்டி "தம்பி பாரு பாரு"ன்னு கத்துறாரு, பாத்தா டிஸ்க் ஃபுல்லாகி ரீஸ்டோர் டெஸ்ட் நின்னுருச்சு, பழைய தற்காலிக டேட்டாபேஸ கிளீன் பண்ணிட்டு திரும்ப ஓட்டுனேன், அவர் ரொட்டி சானாய் முடிக்கிறதுக்குள்ள தட்டு வந்துருச்சு. அதுலேர்ந்து ஆபீஸ்ல இருக்க கிளார்க்குக்கும் ஒரு யுஆர்எல் குடுக்க முடியுமா, சாய்ங்காலம் லோரி சாவியெல்லாம் எண்ணி வெச்சிட்டு தட்டட்டும்னு கேக்குறாரு. குடுத்துட்டேன், ஒன்னும் தப்பில்லயே.

யூனிஃபார்ம் கடை அக்காதான் இன்னும் மசியல. அவங்க பேக்கப் ஒரு பெண்டிரைவ்ல இருக்கு, பெண்டிரைவ் கல்லாப்பெட்டில இருக்கு, கல்லாப்பெட்டி கம்ப்யூட்டருக்கு பக்கத்துல இருக்கு. ஸ்கூல் திறக்குற சீசன் முடியட்டும் தம்பின்னு சொல்லிருக்காங்க.